சுற்றுச்சூழல் அறிவியல் துறைத் தலைவர்களுக்கு: கடைசிப் பருவத்தை எங்களிடம் கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் சுற்றுச்சூழல் அறிவியல் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், தண்ணீர், காற்றுப் பரிசோதனைக் கூடங்கள், ஏற்றுமதி நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பிரிவுகள் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. "சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் நம்ம ஊரில் வேலை இல்லை" என்று மாணவர்களும் பெற்றோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. வேலை இருக்கிறது. வேதியியல் படித்தவரும் கெமிக்கல் டிப்ளமோ முடித்தவரும் அதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். உங்கள் மாணவருக்குப் பாடம் தெரியும்; கருவியும் கணக்கும் கைக்கு வரவில்லை. இதைச் சரிசெய்ய ஒரு பருவம் போதும். எம்.எஸ்சி. படிப்பின் கடைசிப் பருவமான அந்த ஒன்றைத்தான் கேட்கிறோம்.

இந்த வேலைகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்குகிறோம். நொய்யல் ஆற்றில் ஓடிய சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. வழக்கு நடந்தது. சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதை நிறைவேற்றாததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு மீண்டு வந்த தொழில் முழுக்க ஜீரோ டிஸ்சார்ஜ் என்ற அடித்தளத்தில் நிற்கிறது. இன்று திருப்பூரில் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள், அவை போகத் தனியார் சாயப்பட்டறைகளின் சொந்த நிலையங்கள். ஒவ்வொன்றும் 24 மணி நேரமும் மூன்று ஷிப்டில் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக்கூடம் வேண்டும், பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்க ஆள் வேண்டும்.

ஜீரோ டிஸ்சார்ஜ் என்றால் நேர்காணலில் பிள்ளைகள் "கழிவுநீரை மறுசுழற்சி செய்வது" என்கிறார்கள். தவறில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு எளிய கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 5 எம்.எல்.டி., அதாவது ஒரு நாளைக்கு 50 லட்சம் லிட்டர் வருகிற நிலையம், வருகிற தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 6,000 மில்லிகிராம். உப்பு எவ்வளவு? 50 லட்சம் லிட்டர், லிட்டருக்கு 6 கிராம். ஒரு நாளைக்கு 30 டன். ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி 85 சதவீதத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால், அது ஒதுக்கித் தள்ளும் மீதி 750 கனமீட்டர் ரிஜெக்டில் ஏறக்குறைய அந்த 30 டன்னும் இருக்கும்; அதன் டி.டி.எஸ். 40,000-ஐத் தொடும். அதை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். விறகும் மின்சாரமும் கரைவது அங்கேதான். வெளிவரும் உப்பில் எவ்வளவு சோடியம் சல்பேட்டாகத் திரும்பிச் சாயத்தொட்டிக்குப் போகிறது, எவ்வளவு கலப்பு உப்பாகக் கொட்டகையில் தேங்குகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் இன்றைய பெரிய தலைவலி. இந்தக் கணக்கை இரண்டு நிமிடத்தில் காகிதத்தில் போட்டுக் காட்டுகிற மாணவரை எந்த மேலாளரும் திருப்பி அனுப்பமாட்டார். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதையும் எம்.எல்.டி.யையும் பெருக்கினால் நேராகக் கிலோகிராம் வரும் என்பது முதல் ஆண்டிலேயே பழக வேண்டியது.

பிளான்ட் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு லிட்டர் அளவு உருளை போதும். காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து உருளையில் ஊற்றி, ஆட்டாமல் 30 நிமிடம் வைக்கிறோம். ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாச் சேறு, 600 மில்லியில் நிற்கிறது. என்ன செய்ய வேண்டும்? எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஸ்லட்ஜ் மிதக்கிறது என்ற அளவு) தெரியாமல் சொல்ல முடியாது. அது 6,000 என்றால் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்த பிறகு எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்ற எண்) 100, ஸ்லட்ஜ் நல்லதுதான், அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திருக்கிறது, கொஞ்சம் வெளியேற்றினால் தீர்ந்தது. எம்.எல்.எஸ்.எஸ். 3,000 என்றால் எஸ்.வி.ஐ. 200, இழைப் பாக்டீரியா பெருகி ஸ்லட்ஜ் உப்பிவிட்டது. இப்போது அவசரப்பட்டு ஸ்லட்ஜை வெளியேற்றினால் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் போகும். கரைந்த ஆக்ஸிஜன் 2 மி.கி.க்குக் கீழே போகிறதா, காற்றுக்குமிழி விடும் டிப்யூசர் அடைத்திருக்கிறதா, நைட்ரஜன், பாஸ்பரஸ் போதுமா என்று பார்க்க வேண்டும். பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற விகிதம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சாயத்தண்ணீரில் இரண்டும் குறைவு என்பதால் யூரியாவும் டி.ஏ.பி.யும் போடுகிறார்கள். ஆனால் பிரிண்டிங் பட்டறைத் தண்ணீர் கலந்து வந்தால், அதில் யூரியா ஏற்கெனவே இருக்கும். வழக்கம்போல மூட்டையைக் கொட்டினால் அம்மோனியா ஏறும். ஒரே 600 மில்லி, இரண்டு எதிரெதிர் சிகிச்சை. வகுப்பில் இந்தச் சோதனையைப் படம் வரைந்து சொல்லிக்கொடுக்கிறீர்கள். உருளையின் முன்னால் மாணவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து, நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டால் அது ஆயுளுக்கும் மறக்காது.

ஆர்.ஓ. பக்கம் குறை இன்னும் அதிகம். மெம்பிரேன், அதாவது வடிகட்டும் சவ்வு, "அடைத்துவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். எதனால் அடைத்தது என்று சொல்பவர்தான் வேண்டும். முதல் கட்டத்தில் அழுத்த வேறுபாடு ஏறினால் பெரும்பாலும் கரிமப் படிவோ நுண்ணுயிர்ப் படலமோ. கடைசிக் கட்டத்தில் ஏறினால் கால்சியம், சிலிக்கா போன்ற உப்புப் படிவு என்று சந்தேகிக்க வேண்டும். கரிமப் படிவுள்ள மெம்பிரேனை முதலில் காரத்தில், பிறகு அமிலத்தில் கழுவ வேண்டும். வரிசை மாறினால் படிவு இறுகிவிடும். நல்ல தண்ணீர் உற்பத்தி 10 முதல் 15 சதவீதம் குறைந்தவுடனே கழுவ வேண்டும். 30 சதவீதம் வரை காத்திருந்து கழுவினால் பழைய நிலைக்குத் திரும்பாது. இந்த முடிவை எடுக்க வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் சரிசெய்த உற்பத்தி அளவை எக்செல்லில் தினமும் வரைய வேண்டும். குளோரின் மிச்சமிருந்தால் பாலிஅமைடு மெம்பிரேன் கெட்டுப்போகும் என்பதும், அதற்காகத்தான் பைசல்பைட் போடுகிறோம் என்பதும் வாய்பாடுபோல வர வேண்டும்.

அடுத்தது ஆய்வுக்கூடம். உங்கள் மாணவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பகல் ஷிப்டில் அதிக இடம் இருக்கும் கதவு இதுதான். ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற கூடங்கள் ஐ.எஸ்.ஓ. 17025 விதிப்படி நடக்கின்றன. அங்கே சேருபவரிடம் முதல் வாரமே சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவை ரசாயன முறையில் ஆக்ஸிஜனேற்றத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) சோதனையைக் கொடுப்பார்கள். அதில்தான் விழுகிறார்கள். சாயத்தண்ணீரில் குளோரைடு அதிகம். சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட் குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றிவிடும். ஒரு மில்லிகிராம் குளோரைடு சுமார் 0.226 மில்லிகிராம் சி.ஓ.டி.யாகக் கணக்கில் ஏறும். குளோரைடு 2,000 இருந்தால், இல்லாத சி.ஓ.டி. 450 வரை காட்டக்கூடும். வெளியேற்ற வரம்பே 250 என்கிறபோது, ஒரு நிறுவனத்துக்கு வாரியம் தரும் கன்சென்ட்டை, அதாவது இசைவை, கெடுக்க இந்தப் பிழை ஒன்றே போதும். அதனால் முதலில் குளோரைடைத் தைட்ரேட் செய்து பார்த்து, அதன் எடைக்குப் பத்து மடங்கு மெர்க்குரிக் சல்பேட் சேர்க்க வேண்டும். 2,000-க்கு மேல் என்றால் நீர்த்துக்கொள்ள வேண்டும். பாதரசம் கலந்த அந்தக் கழிவைத் தொட்டியில் ஊற்றக்கூடாது, தனிக் கேனில் சேர்த்து அபாயகரக் கழிவாக அனுப்ப வேண்டும். தன் முடிவு சரியா என்று அறிய, லிட்டருக்கு 425 மி.கி. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கரைசல் 500 சி.ஓ.டி. காட்ட வேண்டும் என்ற ஒரு சோதனையை மாணவர் தெரிந்து வந்தால், மற்றதை நாங்கள் கற்றுக்கொடுத்துக்கொள்கிறோம்.

பி.ஓ.டி.யிலும் இதேபோல. நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் முறை நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகள் 20 டிகிரி, ஐந்து நாள் மட்டுமே மனப்பாடம் செய்து வருகிறார்கள். சலவைத் தண்ணீரில் குளோரின் மிச்சமிருந்தால் சோதனைக்காகச் சேர்க்கும் விதைப்புப் பாக்டீரியா செத்து பி.ஓ.டி. பொய்யாகக் குறையும், குளோரினை நீக்கிவிட்டு விதைக்க வேண்டும். ஒரே ஒரு நீர்த்தல் அளவில் மட்டும் வைக்கக்கூடாது. மூன்று நாள் கழித்து ஆக்ஸிஜன் குறைந்தது 2 மி.கி. இறங்கியிருக்க வேண்டும், குறைந்தது 1 மி.கி. மிஞ்சியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாட்டில் கணக்கில் சேராது.

சாம்பிள் எடுப்பதையும் பாடமாக வையுங்கள். ஒரே மினரல் வாட்டர் பாட்டிலில் எல்லாச் சோதனைக்கும் தண்ணீர் பிடித்து வருவது பட்டதாரிகளிடமும் இருக்கும் பழக்கம். சி.ஓ.டி.க்குக் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்க வேண்டும், பி.ஓ.டி.க்கு அமிலமே கூடாது, ஐஸ் பெட்டி மட்டும். உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம். எண்ணெய்ப் பசைக்கு வாயகன்ற கண்ணாடிப் பாட்டில், அந்தப் பாட்டில் முழுவதையும் சோதிக்க வேண்டும். பிடித்த நேரம் எழுதாத சாம்பிளை நல்ல கூடம் வாங்காது.

மூன்றாவது கதவு காகித வேலை. பலர் இதைக் கீழாகப் பார்க்கிறார்கள். ஆனால் 1974-ன் நீர்ச் சட்டத்தையும் 1981-ன் காற்றுச் சட்டத்தையும் தேர்வுக்கு எழுதுகிற மாணவருக்கு, ஒரு பட்டறைக்கு நிறுவ இசைவு, இயக்க இசைவு வாங்கும் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பத் தெரியாது. தண்ணீர்ச் சமன்பாடு, பாய்லர் புகைபோக்கியின் உயரம், ஸ்லட்ஜ் கிடங்கின் அளவு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதால்தான் விண்ணப்பம் திரும்பி வருகிறது. தண்ணீர் வரவு 100 என்றால் ஆவி, கழிவு, ஸ்லட்ஜோடு போகும் ஈரம் எல்லாம் சேர்த்துச் செலவும் 100 வர வேண்டும். சுத்திகரிப்பு நிலைய ரசாயன ஸ்லட்ஜ், 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளில் 35.3 என்ற வகை. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. லாரி ஏறும்போது படிவம் 10. ஆண்டறிக்கை படிவம் 4, ஜூன் 30-க்குள். சுற்றுச்சூழல் அறிக்கை படிவம் 5, செப்டம்பர் 30-க்குள். இந்த மூன்று படிவங்களையும் ஒரு கற்பனைப் பட்டறைக்கு நிரப்பச் சொல்வதை உள்மதிப்பீட்டுத் தேர்வாகவே வைக்கலாம்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்களில், நீர் மாசு, காற்று மாசு, சூழலியல், ஒலி என்று நபெட் (இந்த நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) வகுத்த பிரிவு வாரியாக ஆள் எடுக்கிறார்கள். கல்குவாரிகளும் பெரிய கட்டடங்களும் இருக்கும்வரை இந்த வேலை குறையாது. இங்கே நாங்கள் அதிகம் காணும் குற்றம் நகலெடுப்பு. வேறொரு திட்டத்தின் காற்று வரைபடத்தையும் பறவைப் பட்டியலையும் பெயர் மாற்றி ஒட்டுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று அடிக்கும் மாதத்தில் பல்லடத்துக்கு வடகிழக்குக் காற்று காட்டும் அறிக்கையை உள்ளூர் விவசாயி ஒருவரே கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கிழித்துவிடுவார். காற்று எந்தத் திசையில் போகிறது என்று தெரியாமல் பி.எம். 10 என்ற நுண்தூசியை அளக்கும் கருவியை வைத்தால், தூசி ஒரு பக்கம் போகும், கருவி ஒரு பக்கம் நிற்கும்.

ஏற்றுமதிப் பக்கம் கதவு அகலமாகிக்கொண்டே வருகிறது. வெளிநாட்டு பிராண்டுகள் ஹிக் எப்.இ.எம். (ஆலையின் சுற்றுச்சூழல் மதிப்பீடு), இசட்.டி.எச்.சி. (அபாய ரசாயனங்களைத் தவிர்ப்பது பற்றியது) அறிக்கை கேட்காமல் ஆர்டர் கொடுப்பது குறைந்துவிட்டது. பனியன் கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் வைக்கிறார்கள். வேலை கார்பன் கணக்கு. இடறும் இடம் விறகு. எடைமேடைச் சீட்டில் இருப்பது ஈர எடை; ஈரப்பதத்தைக் கழிக்காமல் வெப்ப ஆற்றலாக மாற்றினால் பாய்லர் செயல்திறன் அபத்தமாக வரும். விறகிலிருந்து வரும் கரியமில வாயுவை உயிரிவழி (பயோஜெனிக்) என்று தனியாகக் காட்ட வேண்டும், நிலக்கரியோடு கூட்டக்கூடாது. கோவை வார்ப்படங்களுக்கு ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழு வடிவில் வந்திருக்கிறது. எல்லா வார்ப்பும் அதில் வராது, சுங்கக் குறியீட்டு எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். துணிக்கு அந்த வரி இப்போது இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் பேசும் ஆலோசகர்கள் நிறைய.

சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் பயோகேஸ் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறது. அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் 0.3-ஐத் தாண்டும்போதே ஊட்டத்தைக் குறைக்கத் தெரிந்தால், கேஸ் நிற்பதற்கு முன்பே தொட்டியைக் காப்பாற்றலாம். பொள்ளாச்சி நார் மில்களிலும் கோழிப்பண்ணைகளிலும் கழிவு மேலாண்மைக்கு ஆள் தேவை கூடுகிறது.

சில கதவுகள் மூடியிருப்பதையும் சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள். இந்திய வனப்பணித் தேர்வின் தகுதிப் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல் (ஜியாலஜி) போன்றவை இருக்கின்றன; சுற்றுச்சூழல் அறிவியல் இல்லை. பி.எஸ்சி.யில் பட்டியலில் உள்ள ஒரு பாடத்தைப் படிக்காதவர் எம்.எஸ்சி. முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்து அழுவது கொடுமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பதவி பொறியியல் பட்டத்துக்கு, எம்.எஸ்சி.க்கு உரியது சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவி, அதற்கும் வேதியியல், விலங்கியல் முதலிய பிற துறையினர் போட்டியிடுகிறார்கள், அறிவிப்பும் அடிக்கடி வருவதில்லை. ஆராய்ச்சிக்குப் போக விரும்புவோருக்கு நெட் தேர்வில் 89-ஆம் பாடமும், கேட் தேர்வில் 2021-ல் தொடங்கிய சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் தாளும் இருக்கின்றன.

இனி எங்கள் வேண்டுகோள். எம்.எஸ்சி. நான்காம் பருவத்தை, டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை 16 வாரம், முழுதாக எங்களிடம் கொடுங்கள். நான்கு வாரம் ஆய்வுக்கூடம், ஆறு வாரம் உயிரியல் சுத்திகரிப்பு, நான்கு வாரம் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும், இரண்டு வாரம் அலுவலகப் படிவங்கள். ஆய்வேடு அந்த நிலையத்தின் உண்மையான பதிவேட்டிலிருந்து வரட்டும்: ஏன் திங்கட்கிழமை டி.டி.எஸ். ஏறுகிறது, எந்தப் பட்டறைத் தண்ணீர் வந்தால் எஸ்.வி.ஐ. உயர்கிறது என்பன போல. ஒரு நாள் பிளான்ட் விசிட், குரூப் போட்டோ, சான்றிதழ் என்பதை நிறுத்திவிடுங்கள். முன் பருவங்களில் ஒவ்வொரு மாணவரும் தன் கையால் குறைந்தது 20 சி.ஓ.டி. செய்திருக்கட்டும், ஆறு பேர் சுற்றி நிற்க ஒருவர் பியூரெட்டைத் திருகுவது செய்முறை ஆகாது. துறைக்கு ஒரு ஆசிரியர் மே மாதத்தில் இரண்டு வாரம் வந்து எங்களோடு இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. மாணவருக்கு மதிய உணவும் பேருந்துச் செலவும் உதவித்தொகையும் நிறுவனம் கொடுக்க வேண்டும். படித்து முடித்த பிறகு ஓராண்டுப் பயிற்சிக்கு நேட்ஸ் என்ற தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிந்தால், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். பல முதலாளிகளுக்கு இது தெரியவில்லை, உங்கள் வேலைவாய்ப்புப் பிரிவு சொன்னால் கேட்பார்கள். மாணவரை இரவு ஷிப்டில் தனியாக விடக்கூடாது. ஓடாத மீட்டருக்கு எண் எழுதச் சொன்னால் எழுதமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். தான் எடுக்காத அளவீட்டில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதை அனுப்பும் கடிதத்திலேயே எழுதுங்கள். அப்படிச் சொன்னதற்காக மாணவரைத் திருப்பி அனுப்பும் இடத்துக்கு மறுபடி யாரையும் அனுப்பாதீர்கள்.

பாதுகாப்பு வகுப்பு நடக்காமல் ஒரு பிள்ளையைக்கூட அனுப்பாதீர்கள். சாயமேற்றப் பயன்படும் கிளாபர் உப்பின் (சோடியம் சல்பேட்) சல்பேட், தேங்கிய சேகரிப்புத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுபோனால் வாயு குறைந்துவிட்டது என்று பொருளல்ல. அதிகமாகி மூக்கு மரத்துவிட்டது என்று பொருள். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே, அல்லது ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.க்கு மேலே கருவி காட்டினால் தொட்டிக்குள் யாரும் தலையை நீட்டக்கூடாது. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதில்தான் இரண்டாவது, மூன்றாவது உயிர் போகிறது. மாணவர் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கக்கூடாது, மேலாளரே சொன்னாலும்.

நவம்பர் முதல் வாரத்துக்குள் மாணவர் பட்டியலையும், யாருக்கு ஆய்வுக்கூடம், யாருக்கு பிளான்ட் என்ற விருப்பத்தையும் உங்கள் பகுதி நிலையங்களுக்கு அனுப்பிவையுங்கள். தீபாவளி முடிந்து ஷிப்ட் பட்டியல் போடும்போது அவர்களையும் சேர்த்துப் போட்டுவிடலாம். வரும்போது ஆளுக்கு ஒரு பாதுகாப்புக் காலணி, கண்ணாடி, அழியாத மார்க்கர் பேனா, தடிமனான ஒரு நோட்டு.

இப்படிக்கு,
நொய்யல், பவானி, அமராவதிக் கரைகளில் சுத்திகரிப்பு நிலையங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை செய்வோர்